கறுத்த விரலுக்கு எந்தக் கோடு? கேங்ரீன் சார்ட் பார்க்கப் புதிதாக வருகிறவர்களுக்கு

கொழிஞ்சாம்பாறையிலிருந்து காலை பஸ்ஸில் வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்கு மெடிக்கல் கோடிங் வேலைக்கு (நோயாளியின் சார்ட்டைப் படித்து நோய்க்கும் சிகிச்சைக்கும் கோடு, அதாவது குறியீட்டு எண், போடுகிற வேலை) போகிற பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் இப்போது நிறைய. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், ஆபீசில் அமெரிக்க டாக்டர் எழுதிய ஆங்கிலம். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுத் திண்ணைக்குச் சந்தேகம் கேட்க வருகிறவர்கள் பலரும் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள். சார்ட்டில் கேங்ரீன் என்ற சொல்லைப் பார்த்ததும் என்கோடரில் (கோடு தேடித் தரும் மென்பொருள்) தட்டுகிறார்கள், ஐ96 வருகிறது, அதைப் போட்டுவிட்டு அடுத்த சார்ட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், சர்க்கரை நோயாளி ஒருவரின் கால்விரல் கேங்ரீனுக்கு ஈ11.9 (சிக்கல் இல்லாத டைப் 2 சர்க்கரை), ஐ96 என்று இரண்டைப் போட்டேன். ஆடிட்டர் இரண்டையும் அடித்துவிட்டு ஒரே ஒரு கோடு எழுதினார்: ஈ11.52, அதாவது கேங்ரீனோடு சேர்ந்த சர்க்கரை ரத்தக்குழாய்க் கோளாறு. பக்கத்தில் எந்த விளக்கமும் இல்லை. அந்த விளக்கத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

(கோடுகளின் ஆங்கில எழுத்தை நாம் வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன். எல்லாம் அமெரிக்கச் சார்ட்டுகளுக்கான ஐசிடி-10-சிஎம் கோடுகள். வேறு ஏதாவது என்றால் அங்கங்கே சொல்கிறேன்.)

முதலில் கொஞ்சம் மருத்துவம்

ரத்த ஓட்டம் நின்றோ, கடுமையான தொற்றாலோ உடம்பின் ஒரு பகுதி செத்துப்போவதுதான் கேங்ரீன். தமிழில் தசை அழுகல் என்கிறோம். ஆனால் எல்லாக் கேங்ரீனும் அழுகுவதில்லை. உலர்ந்த வகையில் விரல் வற்றிச் சுருங்கிக் கரிக்கட்டை மாதிரி ஆகிவிடும். நல்ல தோலுக்கும் செத்த தோலுக்கும் நடுவே கோடு கிழித்த மாதிரி எல்லை தெரியும். ஈர வகையில் தொற்று சேர்ந்து, வீங்கி, நீர் வடிந்து, நாற்றம் எடுத்து, வேகமாகப் பரவும். மூன்றாவது காஸ் கேங்ரீன்: கிளாஸ்ட்ரிடியம் வகை பாக்டீரியா தசைக்குள் வாயுவை உண்டாக்கும், அழுத்தினால் நறநறக்கும், சில மணி நேரத்தில் ஆளையே கொண்டுபோய்விடக்கூடும்.

உலர்ந்ததா ஈரமா என்பதற்குத் தனித்தனிக் கோடு கிடையாது. காஸ் கேங்ரீனுக்கு மட்டும் தனி வீடு, ஏ48.0. எக்ஸ்ரேயில் திசுவுக்குள் வாயு தெரிகிறது என்று ரேடியாலஜி ரிப்போர்ட் சொல்வதை மட்டும் வைத்து அந்தக் கோடைப் போடக் கூடாது. வேறு பாக்டீரியாக்களும் வாயு உண்டாக்கும். காஸ் கேங்ரீன் என்று சிகிச்சை பார்க்கிற டாக்டர் எழுதியிருக்க வேண்டும்.

படி 1: அந்தச் சொல்லை யார் எழுதினார்?

கோடு தேடுவதற்கு முன் சார்ட்டை ஒருமுறை முழுசாகப் படியுங்கள். அட்மிஷன் குறிப்பு, வாஸ்குலர் சர்ஜனின் கன்சல்ட், ஆபரேஷன் நோட், பெத்தாலஜி, டிஸ்சார்ஜ் சம்மரி. இவற்றில் கேங்ரீன் என்ற சொல் எங்கெங்கே வருகிறது, யார் கையெழுத்து என்று பாருங்கள். நோயின் பெயர் டாக்டரிடமிருந்தோ, சட்டப்படி நோய் நிர்ணயம் செய்யத் தகுதியுள்ள மற்றவரிடமிருந்தோ வர வேண்டும். புண் பார்க்கும் நர்ஸ் விரல் கறுத்திருக்கிறது, கேங்ரீன் என்று எழுதியிருந்தால் அது துப்பு மட்டும்தான். புண்ணின் ஆழம் மாதிரிச் சில விவரங்களை நர்ஸ் குறிப்பிலிருந்து எடுக்கலாம், அதுவும் புண் என்ற நோயை டாக்டர் எழுதியிருந்தால். உள்நோயாளி சார்ட்டில் பெத்தாலஜி ரிப்போர்ட்டில் மட்டும் இருக்கிற கேங்ரீனும் இதே கதைதான். சிகிச்சை பார்க்கிற டாக்டர் அதை ஒத்துக்கொண்டு எழுதணும்.

அப்புறம் மாற்றுச் சொற்கள். நெக்ரோட்டிக் (செத்த), எஸ்கார் (காய்ந்து கறுத்த செத்த தோல்), கறுத்த விரல், இஸ்கீமிக் விரல், பிழைக்காத திசு என்று டாக்டர்கள் பல விதமாக எழுதுவார்கள். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஐசிடி இண்டெக்ஸில் (நோய்ப் பெயர்களின் அகர வரிசை) நெக்ரோசிஸ் என்று தேடினால் அதுவே உங்களைக் கேங்ரீன் பக்கம் அனுப்பிவைக்கும். அதை நம்பிச் சர்க்கரை நோயாளியின் காலில் நெக்ரோட்டிக் என்று பார்த்ததும் ஈ11.52 போட்டால் ஆடிட்டில் நிற்காது. புண்ணின் அடியில் செத்த திசு கொஞ்சம் இருப்பது வேறு, விரலே செத்துப்போவது வேறு. தெளிவில்லை என்றால் குவெரி (டாக்டரிடம் எழுத்தில் விளக்கம் கேட்பது) அனுப்புங்கள். நெக்ரோடைசிங் ஃபேசியைட்டிஸ் என்று எழுதியிருந்தால் அது இன்னொரு நோய், எம்72.6. பெயர் ஒரே மாதிரி ஒலிக்கிறது என்று கலந்துவிடாதீர்கள்.

படி 2: எதனால் வந்தது?

எல்லாமே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஐ96-இன் முழுப்பெயரிலேயே ‘வேறெங்கும் வகைப்படுத்தப்படாத கேங்ரீன்’ என்று சொல்லிவிட்டார்கள். மற்ற வாசல்களை எல்லாம் தட்டிப் பார்த்து, எதுவும் திறக்காதபோது போகிற வாசல் அது.

முதல் வாசல் சர்க்கரை. டைப் 2 என்றால் ஈ11.52, டைப் 1 என்றால் ஈ10.52. வேறு நோயாலோ மருந்தாலோ வந்த சர்க்கரை என்றால் ஈ08, ஈ09, ஈ13 என்று அதற்குரிய வரிசையில் அதே .52. எந்த டைப் என்று எழுதவே இல்லையென்றால் டைப் 2 என்றுதான் எடுக்க வேண்டும். இன்சுலின் போடுகிறார் என்பதால் டைப் 1 ஆகிவிடாது. இதை இன்னும் தப்பாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சர்க்கரையால்தான் கேங்ரீன் வந்தது என்று டாக்டர் எழுதவில்லையே, நாமே எப்படி முடிச்சுப் போடுவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். இண்டெக்ஸில் டயபடிஸ் என்ற தலைப்பின் கீழே ‘வித்’ என்ற சொல் வரும். அதன் கீழே கேங்ரீன் இருக்கிறது. அந்தச் சொல்லின் கீழ் வருகிற நோய்களுக்கும் தலைப்பு நோய்க்கும் தொடர்பு இருப்பதாகவே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது விதி. இரண்டும் சார்ட்டில் இருந்தால் போதும். தொடர்பில்லை என்று டாக்டர் தெளிவாக எழுதினால் மட்டும் பிரிக்கணும். முதல் வருடம் நான் சறுக்கியது இங்கேதான்.

இரண்டாவது வாசல் ரத்தக்குழாய் அடைப்பு. காலின் சொந்தத் தமனிகளில் அத்திரோஸ்கிளிரோசிஸ் (தமனிச் சுவரில் கொழுப்புப் படிந்து குறுகுவது) இருந்து கேங்ரீன் ஆனால் ஐ70.26 குடும்பம்: வலது கால் ஐ70.261, இடது கால் ஐ70.262, இரண்டு காலும் ஐ70.263. பைபாஸ் செய்த கிராஃப்டில் அடைப்பு என்றால் இது பொருந்தாது. ஐ70.3 முதல் ஐ70.7 வரை கிராஃப்ட் வகைப்படி பிரித்திருக்கிறார்கள், அங்கே போங்கள். ஐ70.26 போட்ட இடத்தில் அதே கேங்ரீனுக்கு ஐ96 சேரவே கூடாது. ஐ96-இன் கீழே எக்ஸ்க்ளூட்ஸ் 1 குறிப்பில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். எக்ஸ்க்ளூட்ஸ் 1 என்றால் இரண்டும் ஒரே இலையில் பரிமாறப்படாது. எக்ஸ்க்ளூட்ஸ் 2 என்றால் இரண்டு நோயும் தனித்தனியாக இருந்தால் இரண்டையும் போடலாம்.

சர்க்கரையும் உண்டு, அத்திரோஸ்கிளிரோசிஸும் உண்டு என்றால்? வயதான நோயாளிகளில் பெரும்பாலும் இப்படித்தான் வரும். அப்போது ஈ11.52, ஐ70.26 இரண்டும் வரும். முதலாவது சர்க்கரையால் வந்த ரத்தக்குழாய்க் கோளாறு என்று சொல்கிறது, இரண்டாவது எந்தக் கால், எந்த வகைக் கோளாறு என்று சொல்கிறது. வெறும் பிஏடி (கை கால் தமனி நோய்) என்று மட்டும் எழுதியிருந்தால் ஈ11.52 போதும், அந்தப் பொதுப் பெயருக்கான ஐ73.9-ஐக் கொண்டுவந்து பக்கத்தில் உட்காரவைக்க வேண்டாம்.

மற்ற வாசல்கள் உறுப்பு வாரியாக இருக்கின்றன. பிறப்புறுப்புப் பகுதியில் வருகிற ஃபோர்னியர் கேங்ரீன் ஆண்களுக்கு என்49.3, பெண்களுக்கு என்76.82. பித்தப்பை கேங்ரீன் கே82.ஏ1, அதற்கு முன்னால் பித்தப்பை அழற்சியின் கோடு. ஒரு பக்கக் கவட்டைக் குடலிறக்கத்தில் சிக்கிய குடல் கேங்ரீன் ஆனால் கே40.40, தொப்புள் குடலிறக்கம் என்றால் கே42.1. ரேனாட் நோயில் (குளிரில் விரல் ரத்தக்குழாய் சுருங்குவது) விரல் நுனி செத்தால் ஐ73.01. பனிக்கடியில் திசு செத்தால் டி34 வரிசை. பாலக்காட்டுக் கணவாய் வெயிலில் உட்கார்ந்துகொண்டு பனிக்கடிச் சார்ட் பார்ப்பது இந்த வேலையின் வேடிக்கைகளில் ஒன்று.

இத்தனை வாசலும் மூடியிருந்தால் ஐ96. அதற்கும் நியாயமான இடம் உண்டு. படுக்கைப் புண்ணில் கேங்ரீன் ஏற்பட்டு, சர்க்கரையும் ரத்தக்குழாய் அடைப்பும் இல்லையென்றால் ஐ96 முதலில், எல்89 வரிசைக் கோடு பின்னால். அந்த வரிசைக்கான குறிப்பு டேபுலரிலேயே (கோடுகளை எண் வரிசையில் குறிப்புகளோடு தரும் பட்டியல்) இருக்கிறது. என்கோடர் காட்டியதோடு நிற்காமல் டேபுலரைத் திறந்து பார்க்கிற பழக்கம் முதல் மாதத்திலேயே வந்துவிட வேண்டும்.

படி 3: புண் உண்டா, எவ்வளவு ஆழம்?

கேங்ரீனோடு கால்புண்ணும் இருந்தால் சர்க்கரைக்காரருக்கு ஈ11.621, கூடவே எல்97 வரிசை. கால்விரல் புண் ‘பாதத்தின் மற்ற பகுதி’ என்பதற்குள் வரும். வலது என்றால் எல்97.51, இடது என்றால் எல்97.52. ஆறாவது எழுத்துதான் ஆழம். தோல் மட்டும் 1, கொழுப்புத் தெரிகிறது 2, தசை செத்திருக்கிறது 3, எலும்பு செத்திருக்கிறது 4. தசையோ எலும்போ தெரிகிறது, ஆனால் சாகவில்லை என்றால் 5, 6. ஆழம் தெரியாவிட்டால் 9. இந்த 9 போடுவது சுலபம், நர்ஸ் குறிப்பைத் திறந்து படிக்கச் சோம்பல் என்பதன் அடையாளமும் அதுதான். எல்97 ஒருபோதும் சர்க்கரைக்கோ, அத்திரோஸ்கிளிரோசிஸுக்கோ, கேங்ரீனுக்கோ முன்னால் வராது.

படி 4: வலதா இடதா?

எங்கள் சொந்தக்காரர் ஒருவரின் டிஸ்சார்ஜ் சம்மரியை நானே கையில் வைத்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் வலது பாதம், ஆபரேஷன் நோட்டில் இடது பாதம். ஆள் எதிரே உட்கார்ந்திருந்ததால் எந்தக் கால் என்று தெரிந்தது. உங்கள் சார்ட்டின் ஆள் அமெரிக்காவில் எங்கோ இருப்பார், எட்டிப்பார்க்க முடியாது. இரண்டு இடத்தில் இரண்டு பக்கம் எழுதியிருந்தால் எது அதிகம் வருகிறது என்று எண்ணி முடிவெடுக்க வேண்டாம், குவெரி அனுப்புங்கள்.

படி 5: கூட வருகிறவை

இன்சுலின் தொடர்ந்து எடுத்தால் இசட்79.4, சர்க்கரை மாத்திரை என்றால் இசட்79.84, இரண்டும் என்றால் இரண்டும். எலும்பு வரை தொற்று போய் ஆஸ்டியோமைலிட்டிஸ் என்று எழுதியிருந்தால் ஈ11.69, அதோடு எம்86 வரிசை. தொற்று பரவி செப்சிஸ் ஆகி, அட்மிஷன் போதே அது இருந்தால் செப்சிஸ்தான் முதல் கோடு. புகையிலைப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

ஒரு சின்ன வித்தியாசம். ‘இருக்கலாம்’, ‘சந்தேகம்’ என்று டிஸ்சார்ஜில் எழுதியிருந்தால், உள்நோயாளிக்கு அதை இருப்பதாகவே கோடு செய்யலாம். வெளிநோயாளிச் சார்ட்டில் கூடாது. அங்கே உறுதியானது மட்டும், இல்லையென்றால் அறிகுறி.

படி 6: விரலை எடுத்துவிட்டால்

உள்நோயாளி ஆபரேஷனுக்குப் பிசிஎஸ் கோடு (ஐசிடி-10-இன் சிகிச்சைமுறைக் கோடுகள்). அதில் உறுப்பைத் துண்டிப்பதற்கு ‘டிடாச்மென்ட்’ என்று பெயர். வலது கால் இரண்டாம் விரலை அடியோடு எடுத்தால் 0ஒய்6ஆர்0இசட்0. கடைசி எழுத்து எந்த மட்டத்தில் வெட்டினார்கள் என்பதைச் சொல்கிறது: அடி மூட்டிலேயே என்றால் 0, முதல் எலும்பின் ஊடாக என்றால் 1, நடுவில் 2, நுனியில் 3. விரல் எடுக்கப்பட்டது என்று மட்டும் சர்ஜன் எழுதினால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது, மட்டம் வேண்டும். டாக்டர் தரப்பில் பில் போடுகிற சிபிடியில் அடி மூட்டில் எடுப்பது 28820, விரலின் இடை மூட்டில் எடுப்பது 28825, முழங்காலுக்குக் கீழே 27880.

அடுத்த வருடம் அதே ஆள் வெளிநோயாளியாக வருகிறார். பிரச்சினைப் பட்டியலில் இன்னும் வலது கால் கேங்ரீன் என்று கிடக்கிறது, யாரும் அழிக்கவில்லை. ரிஸ்க் அட்ஜஸ்ட்மென்ட் (நோயின் கனத்தை வைத்துக் காப்பீட்டுப் பணத்தைக் கணக்கிடுவது) வேலை பார்க்கிறவர்கள் சறுக்கும் இடம் இது. ஈ11.52-க்கு எச்சிசி மதிப்பு (அந்தக் கணக்கில் பணத்தைக் கூட்டும் நோய்ப்பிரிவு) இருப்பதால் எடுத்துப் போடத் தோன்றும். விரல் போய்விட்டது, கேங்ரீனும் அதோடு போய்விட்டது. இப்போது இருப்பது ஈ11.51-ஆக (கேங்ரீன் இல்லாத சர்க்கரை ரத்தக்குழாய்க் கோளாறு) இருக்கலாம், டாக்டர் எழுதியிருந்தால். விரல் இல்லாததைச் சொல்ல இசட்89 வரிசை: வலது பெருவிரல் இசட்89.411, மற்ற விரல்கள் இசட்89.42. இன்றைய விசிட்டில் அந்த நோயைக் கவனித்தார், பரிசோதித்தார், மதிப்பிட்டார், சிகிச்சை கொடுத்தார் என்பதில் ஏதாவது ஒன்றாவது எழுத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். வராத பணத்துக்கு யாரும் உங்களைக் கேட்க மாட்டார்கள், தப்பாக வாங்கிய பணத்துக்குக் கேட்பார்கள்.

படி 7: குவெரி எழுதுவது

புதியவர்கள் குவெரி அனுப்பப் பயப்படுகிறார்கள், டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று. டாக்டர் கோபிப்பது மோசமான குவெரிக்குத்தான். ‘இது சர்க்கரை கேங்ரீன்தானே, உறுதி செய்யவும்’ என்று எழுதக் கூடாது. பதிலை நீங்களே அவர் வாயில் திணிக்கிறீர்கள். இந்தக் கோடு போட்டால் பேமென்ட் கூடும் என்று ஒரு வார்த்தைகூட வரக் கூடாது.

இப்படி எழுதலாம்: ‘3-ஆம் தேதிக் குறிப்பில் இடது மூன்றாம் விரல் நெக்ரோட்டிக் என்றும், 4-ஆம் தேதி நர்ஸ் குறிப்பில் விரல் முழுவதும் கறுத்து உலர்ந்து உணர்ச்சியற்று இருப்பதாகவும், டாப்ளர் பரிசோதனையில் பாதத்துக்கு ரத்த ஓட்டம் குறைவு என்றும் உள்ளது. இந்த விரலின் நிலையைத் தங்கள் மருத்துவக் கணிப்பின்படி குறிப்பிடவும்: கேங்ரீன்; கேங்ரீன் இல்லாமல் திசு மட்டும் செத்த புண்; வேறு; தீர்மானிக்க இயலவில்லை.’ ஆதாரத்தைத் தேதியோடு வைத்தீர்கள், வாய்ப்புகளைக் கொடுத்தீர்கள், வெளியேற வழியும் விட்டீர்கள். மரியாதையும் குறையவில்லை.

உள்ளூர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தவர்களுக்கு

பாலக்காட்டிலோ திருச்சூரிலோ ஆஸ்பத்திரி எம்ஆர்டியில் (மருத்துவ ஆவணப் பிரிவு) சேர்ந்தால் உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 புத்தகத்தைக் கையில் கொடுக்கலாம். அதில் வேறெங்கும் வராத கேங்ரீனின் கோடு ஆர்02. ஐ96 அங்கே கிடையாது. சர்க்கரை கேங்ரீன் ஈ11.5-இல் நின்றுவிடும். எங்கள் தாலுகாவும் சித்தூர், ஆந்திராவில் இருப்பதும் சித்தூர். டிக்கெட் எடுக்கிறபோது எந்தச் சித்தூர் என்று கேட்காமல் ஏறினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும். எந்தப் புத்தகம் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். அரசுக் காப்பீட்டில் பணம் சிகிச்சைப் பேக்கேஜை வைத்துத்தான் வருகிறது. ஆனாலும் நோயின் பெயரும் எடுத்த பக்கமும் மட்டமும் ஒத்துப்போகாவிட்டால் கிளெய்ம் திரும்பி வந்து நிற்கும்.

எம்ஆர்டியில் இன்னொரு வேலை இறப்புக்கான காரணச் சான்று, படிவம் 4. அதில் கேங்ரீன் என்று மட்டும் எழுதி வந்தால் டாக்டரிடம் திருப்பி எடுத்துப் போங்கள். முதல் வரியில் செப்டிசீமியா, அதற்குக் காரணமாக இரண்டாம் வரியில் வலது பாதக் கேங்ரீன், அதற்கும் அடியில் டைப் 2 சர்க்கரை நோய் என்று படிப்படியாக இறங்கி வர வேண்டும். கடைசி வரியில் இருப்பதைத்தான் பெரும்பாலும் மரணத்தின் அடிப்படைக் காரணமாக எண்ணுகிறார்கள். அந்த வரி விடுபட்டால் சர்க்கரையால் போன உயிர் கணக்கில் சர்க்கரைக்குப் போகாது.

ஒரு சார்ட், முழுசாக

62 வயது ஆண், டைப் 2 சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். வலது காலின் சொந்தத் தமனிகளில் அத்திரோஸ்கிளிரோசிஸ். வலது இரண்டாம் விரலில் உலர்ந்த கேங்ரீன், வலது பாதத்தில் எலும்பு செத்த ஆழமான சர்க்கரைப் புண். விரலை அடி மூட்டில் எடுத்தார்கள். எழுதிப் பாருங்கள்: ஈ11.52, ஐ70.261, ஈ11.621, எல்97.514, இசட்79.4. ஆபரேஷனுக்கு 0ஒய்6ஆர்0இசட்0. ஐ96 இல்லை. அதே அட்மிஷனில் எடுத்த விரலுக்கு இசட்89 இல்லை. சொந்தத் தமனி என்ற விவரம் வாஸ்குலர் கன்சல்ட்டில் மட்டும் இருக்கும், எலும்பு செத்த விவரம் நர்ஸ் குறிப்பில் மட்டும் இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் படித்தவருக்கு இந்த ஐந்தில் இரண்டோ மூன்றோதான் கிடைத்திருக்கும்.

ஒவ்வொரு அக்டோபர் 1-ஆம் தேதியும் கோடுகள் மாறும், ஏப்ரல் 1-ஆம் தேதியும் சில சமயம் மாறும். சீனியர் கொடுத்த பழைய ஜெராக்ஸ் குறிப்பில் தேதி இல்லையென்றால் அதை வைத்துக் கோடு செய்யாதீர்கள். இந்தக் குறிப்பையும் அப்படியே நடத்துங்கள், புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பயன்படுத்துங்கள்.